பொறுப்பெல்லாம் லாபம் வந்த பிறகுதானே? (விவாத இழை)

கேள்வி, கரூரிலிருந்து. 10 பிப்ரவரி 2024

அக்கா, துணிப்பை தைக்கும் சின்ன யூனிட் ஆரம்பிக்கப் போகிறேன். ஆறு மெஷின், எட்டுப் பெண்கள். "சமூகப் பொறுப்போடு தொழில் செய்யுங்கள்" என்று மேடையில் பேசுகிறவர்கள் எல்லாம் சம்பாதித்து முடித்தவர்களாக இருக்கிறார்கள். முதல் மூன்று வருடம் தாக்குப்பிடிப்பதே பெரிது. பொறுப்பெல்லாம் லாபம் வந்த பிறகு என்று நினைக்கிறேன். தப்பா?

11 பிப்ரவரி 2024, காலை

எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன், இன்னும் கொஞ்சம் திமிராக. திருப்பூர் பக்கம் 2016-லிருந்து பை தைக்கிறேன். தாம்பூலப் பை, ஜவுளிக்கடைப் பை, மளிகைப் பை. தத்துவம் வேண்டாம், என் பழைய நோட்டிலிருந்து ஒரே ஒரு பையின் கணக்கை எடுத்துப் போடுகிறேன்.

பதினாலுக்குப் பதினாறு இஞ்ச் காடா (சாயம் போடாத துணி) பை. துணி 15.50. வெட்டு, தையல், மடிப்புக் கூலி 4.25. ஒரு கலர் ஸ்கிரீன் பிரிண்ட் 2.00. கைப்பிடி நாடாவும் நூலும் 1.75. வாடகை, கரண்ட், வண்டி 1.50. மொத்தம் 25 ரூபாய். விற்றது 26. பைக்கு ஒரு ரூபாய், பத்தாயிரம் பைக்குப் பத்தாயிரம். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பூ வேறு வரைந்து வைத்திருக்கிறேன்.

எதை எழுதாமல் விட்டேன்? கடைக்காரர் 90 நாள் கழித்துத்தான் பணம் தருவார். பேங்க் ஓவர்டிராஃப்ட் வட்டி 12 சதவீதம் என்று வைத்தால் 25 ரூபாய்க்கு 90 நாளைக்கு 75 பைசா. நூற்றுக்கு இரண்டு பை டேமேஜ், அது 50 பைசா. அங்கேயே ஒரு ரூபாய் போய் 25 பைசா நஷ்டம். இஎஸ்ஐயில் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) முதலாளி பங்கு, இன்றைய விகிதப்படி, கூலியில் 3.25 சதவீதம். பைக்குப் போட்டுப் பார்த்தால் 14 பைசா. பத்துப் பேர் ஆனதுமே கட்ட வேண்டியது. "தாங்காது" என்று சொல்லி இந்த 14 பைசாவை இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். கடைக்காரருக்கு 75 பைசா வட்டியை நான் சுமந்துகொண்டிருந்தது கண்ணிலேயே படவில்லை. முதல் இரண்டு வருடமும் நான் ரொம்பப் பொறுப்பாகத்தான் இருந்திருக்கிறேன், பெரிய கடைக்கு. மெஷினில் உட்கார்ந்தவளுக்கு இல்லை.

அதனால் தங்கச்சி, லாபம் வந்த பிறகு என்று நீ சொல்லும் அந்த லாபத்தை முதலில் ஒழுங்காக எண்ணிப் பார். இப்போது எங்களிடம் சுமார் இருபது பேர். எல்லோருக்கும் இஎஸ்ஐ உண்டு.

11 பிப்ரவரி 2024, இரவு

டேமேஜ் இரண்டு சதவீதம் ரொம்பக் குறைவு என்கிறார் ஈரோட்டு வாசகர் ஒருவர். மழைக்காலத்தில் பிரிண்ட் காயாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்போது ஐந்துகூடப் போகும். அந்தப் பைகளில்தான் எங்கள் வீட்டுக்கு வெங்காயம் வருகிறது.

14 பிப்ரவரி 2024

கணக்கர் அண்ணன் ஒருவர் நேரடியாகவே அடித்திருக்கிறார்: "இஎஸ்ஐயை மட்டும் காட்டி 14 பைசா என்று முடித்தால் எப்படி? போனஸ் உண்டு, இருபது பேர் ஆனால் பி.எஃப்.பும் வருமே?"

வரும். பி.எஃப்.பில் முதலாளி பங்கு 12 சதவீதம், நிர்வாகச் செலவும் இன்ஷூரன்ஸும் சேர்த்தால் 13. அது 55 பைசா. போனஸ் குறைந்தபட்சம் 8.33 சதவீதம், 35 பைசா. இஎஸ்ஐ 14 பைசா. மொத்தம் ஒரு ரூபாய் நாலு பைசா. நான் எழுதியது அரை உண்மை, திருத்திக்கொள்கிறேன்.

"அப்போ நான் சொன்னதுதானே சரி?" என்று கரூரிலிருந்து உடனே சிரிப்புப் பொம்மை. இல்லை. எல்லாம் சேர்த்தால் அந்தப் பையின் அடக்கம் 27.29. அதை 26-க்கு விற்றேன். ஒரு பைசா பொறுப்பும் இல்லாமலேயே 26.25 ஆகிவிட்டிருந்தது. என் விலைதான் தப்பு. பக்கத்து யூனிட் 26 என்றதும் நானும் 26 என்று சொல்லிவிட்டு, மீதிக் கணக்கைக் கூலியில் சரிக்கட்டப் பார்த்தேன். எல்லோரும் செய்வது அதுதான். துணிக்காரர் ஒரு பைசா குறைக்க மாட்டார், இ.பி.காரர் குறைக்க மாட்டார், நாம் கைவைக்க முடிகிற ஒரே இடம் அந்த 4.25.

பிறகு 29 கேட்டேன். ஐந்து கடையில் இரண்டு போய்விட்டன. ஒன்று ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. இன்னொன்று வரவே இல்லை. அந்த வழியாகப் போனால் இன்றைக்கும் அந்தக் கடைப் பை எப்படித் தைத்திருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

15 பிப்ரவரி 2024

"சுமார் இருபது பேர் என்றால் எத்தனை பேர்?" என்று அதே கணக்கர் அண்ணன் கேட்டிருக்கிறார். அப்புறம் சொல்கிறேன். லாரி வந்திருக்கிறது.

25 பிப்ரவரி 2024

இது மாசி மாதமா தீபாவளியா என்று தெரியவில்லை. மூன்று கடைக்காரர்கள் தாங்களாகவே போன் செய்து, "பாக்கி எவ்வளவுங்க?" என்று கேட்கிறார்கள்.

மனம் திருந்தியதால் அல்ல. வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் புதிதாக ஒரு 'எச்' சேர்ந்திருக்கிறது. குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கிய சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். இந்த நிதியாண்டுக் கணக்கிலிருந்தே அமல். மார்ச் 31-க்குள் தீர்க்காவிட்டால் வரி கூடும். 2006-லேயே சிறுதொழில் சட்டத்தில் 45 நாள் வரம்பு உண்டு, தாமதமானால் ரிசர்வ் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்றும் உண்டு. புகார் கொடுக்க சமாதான் தளமும் இருக்கிறது. எனக்குத் தெரிந்த யாரும் போனதில்லை. நானும் போகவில்லை. ஒரு தடவை புகார் கொடுத்தால் வட்டி வரும், அடுத்த ஆர்டர் வராது.

இப்போது வேறொரு கூத்து. ஒரு பெரிய கடையின் பர்ச்சேஸ் ஆபீஸர் ரொம்ப அன்பாகச் சொன்னார்: "அந்த உதயம் பதிவைக் கேன்சல் பண்ணிடுங்களேன் மேடம், நமக்குள்ள எதுக்கு?" (சிறுதொழில் என்று அரசிடம் நான் செய்திருக்கும் பதிவு அது. அது இருப்பதால்தான் இந்த விதி அவர்களைப் பிடிக்கிறது.) நான் என்ன சொன்னேன் தெரியுமா? வீரமாக எதுவும் இல்லை. "யோசிச்சுச் சொல்றேங்க." போனை வைத்த பிறகு அரைமணி நேரம் யோசிக்கவும் செய்தேன். கேன்சல் செய்யவில்லை. அவருக்கு இன்னும் பதிலும் சொல்லவில்லை.

27 பிப்ரவரி 2024

திருத்தம். 45 நாள் என்பது எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால்தான். எழுத்தில் எதுவும் இல்லாவிட்டால் 15 நாள். தெரிவித்த கோவை வாசகருக்கு நன்றி. எட்டு வருடத்தில் எந்தக் கடையோடும் நான் எழுத்தில் எதுவும் போட்டதில்லை. போன் பேச்சும் டெலிவரி சலானும்தான். சட்டப்படி நான் பதினைந்தாம் நாளே கேட்டிருக்கலாம்.

கரூர்த் தங்கச்சி, முதல் ஆர்டரிலேயே பர்ச்சேஸ் ஆர்டர் கேட்டு வாங்கு. தேதி, தொகை, எத்தனை நாளில் பணம். வாட்ஸாப்பில் வந்தாலும் பிரிண்ட் எடுத்து ஃபைலில் வை.

30 மார்ச் 2024, சனி

எலக்‌ஷன் தேதி அறிவித்ததிலிருந்து ரோட்டில் பறக்கும் படை. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் இருந்தால் ரசீது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பறிமுதல். எனக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் கையில் ஐம்பதுக்கு மேல்தான் இருக்கும். இன்று 58,400. பேங்கிலிருந்து வரும் வழியில் ஸ்கூட்டியை ஓரம் கட்டச் சொன்னார்கள். டிக்கியைத் திறந்தால் பணம், அதன் மேல் கீரைக்கட்டு.

"என்ன பணம்மா?" "சம்பளப் பணம் சார்." "யாருக்குச் சம்பளம்? ஓனர் எங்கே?" "நான்தான் ஓனர்." அவர் என்னையும் கீரையையும் மாறி மாறிப் பார்த்தார். பேங்க் சீட்டைக் காட்டினேன், அதற்கு அவர் அசையவில்லை. கூலி ரிஜிஸ்டரை எடுத்து, போன வாரக் கையெழுத்துகளையும் ரெண்டு கைரேகையையும் காட்டியதும் விட்டுவிட்டார். கீரை வாடிவிட்டது.

பேங்கிலேயே போட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால்: செய்து பார்த்தேன். 2019-ல் எல்லோருக்கும் அக்கவுண்ட் திறந்து, இனி எல்லாம் கணக்கில்தான், வெளிப்படையாக இருப்போம் என்று பெரிய சீர்திருத்தம் செய்தேன். மூன்றாவது வாரம் பேட்லாக் தையல் மெஷினில் இருக்கும் அக்கா தனியாக வந்து நின்றார். "ஏடிஎம் கார்டு அவருகிட்ட இருக்குது அம்மிணி. கணக்குல போட்டீங்கன்னா எனக்கு அது வந்த மாதிரியே இல்ல." இன்னொருத்திக்குக் குழுக்கடன் தவணையை, பணம் விழுந்த அன்றே பேங்க் பிடித்துக்கொண்டது. வாரச் சாமானுக்குக் கையில் ஒன்றும் இல்லை. நான் பெருமையாகச் செய்த ஒரு நல்ல காரியம் ஆறு பேருக்கு அவர்கள் சம்பளத்தையே எட்டாமல் ஆக்கிவிட்டது. இப்போது ஒவ்வொருவரிடமும் கேட்டு, சிலருக்குக் கணக்கில், சிலருக்குக் கையில், சிலருக்குப் பாதிப்பாதி. ஆடிட்டர் திட்டுகிறார்.

6 ஏப்ரல் 2024

மஞ்சப்பையைப் பற்றி எழுதச் சொன்னீர்கள்.

என் அம்மா ஊர் நொய்யல் கரை, ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே. 1992-ல் கட்டிய அணை. பாசனத்துக்குக் கட்டினார்கள், திருப்பூர்ச் சாயத் தண்ணீர் வந்து தேங்கியது. கல்யாணம் ஆகி வந்த பிறகும் அம்மா வீட்டுக் கிணற்றில் அரிசி களைய மாட்டோம். சோறு மஞ்சளாகத் திரும்பும். தென்னையில் குரும்பை நிற்காது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னபோது திருப்பூரே கதறியது. நானும் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன், நாலு மாதம் பாதி வேலைதான். அம்மா ஊரில் மட்டும் யாரும் அழவில்லை.

அதனால் யூனிட் ஆரம்பித்ததும் சபதம்: சாயமே வேண்டாம், காடாவாகவே விற்பேன். ஜவுளிக்கடைகள் ஒத்துக்கொண்டன. கல்யாண வீடுகள்? ஒரு பெண்ணின் அம்மா சாம்பிளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தார். "ஏனுங்க, இது பழுப்பா இருக்குது. கருமாதிக்குக் குடுக்கற மாதிரி." அடுத்து உடம்பு காடா, கைப்பிடி மட்டும் மஞ்சள் என்று ஒரு சமரசம் செய்தேன். அதை யாரும் திட்டவில்லை, வாங்கவும் இல்லை. தாம்பூலப் பை ஆர்டர் பாதியானது.

கடைசியில் நானும் சாயத்துக்கே வந்தேன். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கிற, கழிவுநீரை வெளியே விடாத சாய ஆலையில்தான் கொடுக்கிறேன். பைக்கு ரெண்டு ரூபாய் கூடுதல். ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்தேன். ஆவியாக்கிக் கடைசியில் மிஞ்சும் உப்புச் சேற்றை மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். இது எங்கே போகும் என்று கேட்டேன். "இப்போதைக்கு இங்கேதான் இருக்குதுங்க" என்றார் சூப்பர்வைசர். ஆற்றில் விடவில்லை, அது நிஜம். ஆனால் அன்றைக்கு அம்மாவிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று போனவள் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

8 ஏப்ரல் 2024

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மாணவர் டென்மார்க் ஆய்வை அனுப்பியிருக்கிறார். தெரியும் தம்பி, அது என் தலைமாட்டிலேயே இருக்கிறது. அந்த நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018-ல் வெளியிட்டது. சாதாரணப் பருத்திப் பையை 52 தடவை பயன்படுத்தினால்தான் வெப்பமாதல் கணக்கில் கடையில் தரும் சாதாரண பிளாஸ்டிக் பைக்குச் சமம். எல்லா வகைப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 தடவை. அதில் சாக்கடையை அடைக்கும் கவரும், மாட்டு வயிற்றில் போகும் கவரும் கணக்கில் இல்லை. அது எனக்கு ஆறுதல்தான். ஆனால் 52 என்ற எண் என்னை விடுவதாக இல்லை.

எங்கள் வீட்டுப் பரணில் ஏறி எண்ணினேன். 43 தாம்பூலப் பை. வாரம் ஒரு கல்யாணம் போனால் இதுதான். எதையும் ரெண்டு தடவைக்கு மேல் எடுத்ததில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. மணமக்கள் பெயரைப் பக்கம் முழுக்கப் போட்ட பையோடு யார் சந்தைக்குப் போவார்? அடியில் மடிப்பு இல்லாததால் தேங்காய் பழத்துக்குமேல் எதுவும் நிற்பதும் இல்லை.

அதிலிருந்து ரெண்டு மாற்றம் செய்தேன். அடியில் நாலு இஞ்ச் மடிப்பு வைத்து, ஐந்து கிலோ அரிசி தாங்குகிற மாதிரி கைப்பிடியைப் பெட்டித் தையல் போட்டேன். பெயரை உள்பக்கம் சின்னதாக அச்சடித்து, வெளியே ஒரு கோலம் மட்டும். மூன்றரை ரூபாய் கூடியது. கல்யாண வீட்டில் பத்துக்கு ஏழு பேர் "பேர் வெளிய தெரிய வேண்டாமா?" என்று மறுக்கிறார்கள். மூன்று பேர் வாங்குகிறார்கள். போன மாதம் உழவர் சந்தையில் கத்தரிக்காய்க்காரர் ஒருவர் என் கோலப் பையில் சில்லறை போட்டு வைத்திருந்தார். அழுக்கேறி, ஓரம் பிரிந்து. 52 தாண்டியிருக்கும்.

அரசின் மஞ்சப்பை இயந்திரம் 10 ரூபாய்க்குத் தருகிறதே, நீங்கள் ஏன் 30 வாங்குகிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு: அது வேறு அளவு, வேறு கணக்கு. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' ஆரம்பித்தபோது எங்களுக்கு விசாரிப்பு கூடியது உண்மை. விலையைச் சொன்னதும் வருகிற முகமாற்றமும் கூடியது.

1 மே 2024

இன்று சம்பளத்தோடு விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, கூடவே ஐந்து பண்டிகை நாள் என்று தமிழ்நாட்டில் 1958-லிருந்து சட்டமே உண்டு. பீஸ் ரேட்டில் தைப்பவளுக்கு விடுமுறை என்றால் பூஜ்யம் என்பதுதான் எங்கள் தெருவில் நடைமுறை. ஆரம்பத்தில் என்னிடமும் அப்படித்தான்.

எல்லோரையும் ஷிப்ட் கூலிக்கு மாற்றப் பார்த்தேன். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. முதலில் எதிர்த்தவள் என்னுடைய கை வேகமான டெய்லர்தான். ஒரு நாளில் மற்றவர்கள் 220 பை என்றால் அவள் 340. "எல்லாருக்கும் ஒரே கூலின்னா நான் எதுக்குங்க்கா முதுகு ஒடியத் தைக்கணும்?" நியாயம். இப்போது அடிப்படை ஷிப்ட் கூலி, 220-க்கு மேல் பீஸ் ரேட், விடுமுறைக்கு அடிப்படை. இதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடமும் நாலு சண்டையும் ஆனது.

அப்புறம் இந்த "அக்கா". பக்கத்து யூனிட் ஆண் ஓனர், அவரை "முதலாளி" என்பார்கள். என்னை அக்கா. ஆரம்பத்தில் குளிர்ந்து போனேன். கொஞ்ச நாளில் தெரிந்தது, அது ரெண்டு பக்கமும் வெட்டும். அட்வான்ஸ் கேட்கும்போது நான் அக்கா, மறுக்க முடியாது. சரி. ஆனால் கண்டெய்னர் நிற்கும்போது "நம்ம கம்பெனிதானே, இன்னும் ரெண்டு மணி நேரம் இருங்க கண்ணு" என்று நான் சொன்னால் அவர்களும் மறுக்க முடியாது. முதலாளி ஓவர்டைம் (ஓ.டி.) கேட்டால் இரட்டைக் கூலி கேட்பார்கள். அக்கா கேட்டால் டீயும் பன்னும். எத்தனை ராத்திரி டீயும் பன்னும் கொடுத்து முடித்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கத் தைரியம் இல்லை. பெண் நடத்தும் தொழில் என்றால் இயல்பிலேயே கருணை இருக்கும் என்று விழா மேடையில் சொல்கிறார்கள். எங்கள் கருணை பாதி நேரம் இந்த மாதிரிதான்.

இப்போது ஓ.டி. ரிஜிஸ்டர் தனி. டீயும் பன்னும் உண்டு, அது வேறு.

9 ஜூன் 2024

கணக்கர் அண்ணனுக்குப் பதில். பிப்ரவரியில் கேட்டார், ஜூனில் சொல்கிறேன்.

19.

சுமார் இல்லை, சரியாக 19. நாலு வருடமாக 19. யாராவது நின்றால் ஒருவரைச் சேர்ப்பேன், இருபதாவது ஆளை எடுக்க மாட்டேன். ஏன் என்று உங்களுக்கே தெரியும், பிப்ரவரி 14-ம் தேதி நீங்கள் கேட்டு நான் போட்ட கணக்குதான். இருபது ஆனால் பி.எஃப். பைக்கு 55 பைசா. போனஸும் முழுசாக இல்லை, அந்தப் பெயரில் தீபாவளிக்கு ஏதோ ஒன்று கொடுப்பேன், புடவையும் ஒரு வாரச் சம்பளமும். 8.33 சதவீதம் என்றால் ஒரு மாதச் சம்பளம். ஒரு வாரத்தைக் கொடுத்துவிட்டு மூன்று வாரத்தை வைத்துக்கொண்டேன், புடவை அதை மறைத்தது.

வேலை கூடியபோது என்ன செய்தேன்? 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்ததும் ஆர்டர் குவிந்தது. 2020-ல் மாஸ்க். கைப்பிடி நாடா தைத்துத் திருப்புவது, நூல் பிசிறு வெட்டுவது, ஐம்பது ஐம்பதாகக் கட்டுவது எல்லாவற்றையும் வீடுகளுக்கு அனுப்பினேன். பதினொரு வீடு. "வெளியே வர முடியாத பெண்களுக்கு வீட்டிலேயே வருமானம்" என்று நானே ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். பொய் இல்லை, ஒருத்திக்கு இளம்பிள்ளை வாதம், ரெண்டு பேருக்குக் கைக்குழந்தை. ஆனால் அவர்களை வீட்டிலேயே வைத்ததால் என் ரிஜிஸ்டரும் 19-லேயே நின்றது. ரெண்டும் சேர்ந்துதான் உண்மை. அந்தப் பதினொரு பேரின் வீட்டு கரண்ட், நாடாவுக்கு அவர்கள் வாங்கும் ஊசி, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் ஓடும் மெஷின், எதுவும் என் 25 ரூபாய்க் கணக்கில் இல்லை.

இதை எழுதாமல் நாலு மாதம் மற்றதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன்.

10 ஜூன் 2024

திட்டியவர்களுக்குப் பதில் இல்லை. "எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், எதுக்கு வெளியே சொல்கிறீர்கள்" என்று தனியாகச் செய்தி அனுப்பிய ஐந்து பேருக்கும் இல்லை.

கணக்கர் அண்ணன் மட்டும் ஒரு கேள்வி: "அந்தப் பதினொரு பேரையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று அதிகாரி சொன்னால் உங்களிடம் பதில் இருக்கிறதா?" இல்லை.

30 ஜூன் 2024

இடையில் கரூர்த் தங்கச்சியின் கடன் விஷயம். பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்ணுக்கு 35 சதவீத மானியம், சொந்தப் பணம் 5 சதவீதம் போதும், இதெல்லாம் சரி. ஆனால் மானியம் கைக்கு வராது. உன் பெயரில் மூன்று வருடம் பேங்கில் டெபாசிட்டாகக் கிடக்கும், பிறகு கடனில் கழிப்பார்கள். அந்தத் தொகைக்கு வட்டி போடக் கூடாது, டெபாசிட்டுக்கும் வட்டி வராது. அதை நம்பி மெஷின்காரருக்கு வாக்குக் கொடுத்துவிடாதே. நான் கொடுத்துவிட்டு வளையலை அடகு வைத்தேன்.

"சார் என்ன பண்றார்?" என்று மேனேஜர் கேட்பார். கேட்டால் அவர் என்ன செய்கிறார் என்று மட்டும் சொல், அவரைக் கூட்டிக்கொண்டு போகாதே. போனால் அதற்குப் பிறகு போன் எல்லாம் அவருக்குத்தான் வரும். என் காடா வியாபாரி இன்றைக்கும் ரேட் ஏறினால் எனக்குச் சொல்வார், இறங்கினால் என் வீட்டுக்காரருக்குச் சொல்வார். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் புரியவில்லை.

3 ஆகஸ்ட் 2024, ஆடி 18

ஆடியில் கல்யாணம் இல்லை, வேலை குறைவு. உட்கார்ந்து எழுத நேரம் இருக்கிறது.

ஜூலை முதல் வாரம் வீட்டில் தைத்துக்கொண்டிருந்தவர்களில் வர முடிந்த ஒருத்தியை உள்ளே எடுத்தேன். இருபது. பி.எஃப். பதிவு செய்தாயிற்று. ஆன்லைனில் ரெண்டு நாள் வேலை, நாலு வருடம் பயந்தேன்.

எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். கைதட்டுவார்கள் என்று எங்கோ ஓர் ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறேன் போல. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம், "எங்க கையிலிருந்து எவ்வளவு பிடிப்பீங்க?" பன்னிரண்டு சதவீதம். மாதம் 12,000 வாங்குபவளுக்கு 1,440. ஏற்கெனவே இஎஸ்ஐக்கு 90 ரூபாய் பிடிப்பதற்கே முனகல். அதே பெண்ணுக்கு 26 வாரப் பிரசவச் சம்பளம் அந்த இஎஸ்ஐயில்தான் வந்தது, இப்போதும் டிஸ்பென்சரி வரிசை நீளம் என்று என்னைத்தான் திட்டுகிறாள். ரேட்டைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தேன். 1,440-ல் பாதிதான் அதில் ஈடாகும். மீதியை என்னால் முடியவில்லை. பை விலையை 30-லிருந்து 31 ஆக்கியிருக்கிறேன், ஒரு கடை பேசாமல் இருக்கிறது. பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது சனிக்கிழமை அந்த 340 பை டெய்லர் கணக்கை முடித்துக்கொண்டாள். ரெண்டு தெரு தள்ளி ஒரு யூனிட்டில் பிடித்தமே கிடையாதாம், கையில் முழுசாக வரும். "கோவிச்சுக்காதீங்க்கா, பையனுக்குக் காலேஜ் ஃபீஸ்." கோபம் இல்லை. அந்த யூனிட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"பத்தொம்பது பேருங்க்கா."

ஆக, மறுபடி நானும் 19. கணக்கர் அண்ணன் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: பி.எஃப். ஒருமுறை வந்துவிட்டால் எண்ணிக்கை இருபதுக்குக் கீழே போனாலும் தொடரும். மீதிப் பத்து வீட்டுக்கு என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. இப்போதைக்கு நாடா ரேட்டோடு கரண்டுக்கும் ஊசிக்கும் சேர்த்துக் கொடுக்கிறேன். நாளைக்கு உட்கார்ந்து 25 ரூபாய்க் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும்.

கரூர்த் தங்கச்சி, எட்டு பேர் என்றாயே, இப்போது எத்தனை? வேகமாகத் தைக்கிற டெய்லர் யாராவது திருப்பூர் வர முடியுமா என்று விசாரித்துச் சொல். பிடித்தம் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடு.